காபி ஷாப் பாணி மசாலா சாய் லாட்டே: வீட்டில் செய்வதற்கான முழுமையான வழிகாட்டி

வீட்டில் சாய் லாட்டே செய்து பார்த்து ஏமாந்தவர்கள், நான் பார்த்தவரையில், நன்றாக டீ போடத் தெரிந்தவர்களாகவே இருக்கிறார்கள். கைப்பழக்கம்தான் அவர்களைத் தவறான வழியில் கொண்டுபோகிறது. பாலும் தண்ணீரும் ஒரே பாத்திரத்தில் ஏறுகின்றன, இஞ்சியும் ஏலக்காயும் தட்டிப் போடப்படுகின்றன, தூள் விழுகிறது, பொங்கி வந்ததும் வடிகட்டப்படுகிறது. கிடைப்பது அருமையான மசாலா டீ. ஆனால் காபி ஷாப்பில் குடித்த அந்த வழவழப்பும் இனிப்போடு சேர்ந்த மசாலா மணமும் அதில் இருப்பதில்லை.

லாட்டேயின் செய்முறை நம் வீட்டு டீயைவிட ஃபில்டர் காபிக்கே நெருக்கமானது. பால் சேராத கெட்டி டிகாஷனை முதலில் இறக்கி வைத்துக்கொண்டு, பாலைத் தனியே சூடாக்கி நுரைத்து, இரண்டையும் கோப்பையில்தான் சேர்க்க வேண்டும். கீழே வரும் படிகள் எல்லாம் இந்த வரிசையைக் காப்பாற்றுவதற்காகவே இருக்கின்றன.

அளவுகள் ஆறு கோப்பைக்கானவை. ஒரு கோப்பைக்கு 120 மி.லி. டிகாஷன், 120 மி.லி. பால் என்று கணக்கு. டிகாஷன் தயாராக ஏறக்குறைய 40 நிமிடம் ஆகும். அது கையிருப்பில் இருந்தால் அடுத்தடுத்த நாள்களில் ஒரு கோப்பை லாட்டேக்கு ஏழெட்டு நிமிடம் போதும்.

1. அடுப்பைப் பற்றவைக்கும் முன்

பொருள்கள்: தண்ணீர் 900 மி.லி., டீத்தூள் 30 கிராம், சர்க்கரை 100 கிராம், பச்சை ஏலக்காய் 12, விரல் நீளப் பட்டை 2, கிராம்பு 6, மிளகு 10, அன்னாசிப்பூ 1, இஞ்சி 20 கிராம், ஒரு சிட்டிகை உப்பு. கோப்பைக்கு 120 மி.லி. வீதம் குளிர்ந்த பால். ஜாதிக்காய் இருந்தால் கடைசியில் துருவிக்கொள்ளலாம்.

கருவிகள்: மூடியுள்ள அடிகனமான பாத்திரம், சிறு உரல், டீ வடிகட்டி, அலசிக் காயவைத்த மெல்லிய பருத்தித் துணி, அளவுக்கோடு போட்ட குவளை, கண்ணாடிப் பாட்டில், பாலை நுரைக்க ஏதேனும் ஒரு கருவி. பாலின் சூட்டை அளக்கும் சமையல் தெர்மாமீட்டர் இருந்தால் முதல் சில முறை மிகவும் உதவும். கை பழகிய பிறகு அது இல்லாமலும் செய்யலாம்.

அளவுக் குவளையை மட்டும் விட்டுவிட வேண்டாம். வீட்டு டீயில் அரை டம்ளர் தண்ணீர் கூடினாலும் குறைந்தாலும் இன்னும் கொஞ்சம் கொதிக்கவிட்டுச் சரிசெய்துவிடலாம். இங்கே தூள் இறங்கிய பிறகு கொதிக்கவிட முடியாது என்பதால், தொடக்கத்தில் தண்ணீர் கூடிவிட்டால் பிறகு வற்றவைத்துத் திருத்த வழி இல்லை. தராசு இல்லாதவர்கள் 30 கிராம் தூளை, தலை தட்டிய மேசைக்கரண்டியில் நாலரை என்று கொள்ளலாம்; தூளின் குருணைக்கு ஏற்ப இது சற்று மாறும்.

2. எந்தத் தூள்

பாலும் சர்க்கரையும் மசாலாவும் சேர்ந்த பிறகும் டீயின் சுவை தெரிய வேண்டும் என்றால் தூளுக்கு உடல்வலு வேண்டும். அஸ்ஸாம் சி.டி.சி. தூள், அதாவது சிறு உருண்டைகளாகச் சுருண்ட வகை, இதற்குப் பொருத்தமானது. நீலகிரித் தூள் மணமாகவும் மென்மையாகவும் இருக்கும். தனியாகக் குடிக்க எனக்கு அதுதான் பிடிக்கும். ஆனால் லாட்டேயில் அது மசாலாவுக்கு அடியில் ஒளிந்துகொள்கிறது. கையில் அதுதான் இருக்கிறது என்றால் 36 கிராம் வரை கூட்டிக்கொள்ளவும்.

மாவுபோல் இருக்கும் டஸ்ட் வகையைக் கூடியமட்டும் தவிர்ப்பது நல்லது. அது ஓரிரு நிமிடத்தில் எல்லாச் சாற்றையும் இறக்கிவிடும்; அடுத்த நிமிடத்திலேயே துவர்ப்பு ஏறத் தொடங்கிவிடும்; துணியையும் அடைத்துக்கொள்ளும். வேறு வழியில்லை என்றால் 24 கிராம் மட்டும் எடுத்து, ஊறும் நேரத்தை மூன்று நிமிடத்துக்குள் முடித்துக்கொள்ள வேண்டும். நீண்ட முழு இலை வகைகள் இந்த வேலைக்குத் தேவையில்லை. அவற்றின் நுண்மணம் கிராம்புக்கு முன்னால் நிற்காது.

3. மசாலாவைத் தயார்செய்தல்

கடையில் கிடைக்கும் சாய் மசாலாத் தூளைப் போட்டால் வேலை முடிந்துவிடும் என்று தோன்றும். தூளாகப் போட்டால் இரண்டு தொல்லைகள். வடிகட்டியிலும் துணியிலும் தங்காத நுண்பொடி கோப்பையின் அடியில் மண்போல் படியும். பட்டைத்தூள் வெந்நீரில் ஊறும்போது வழுவழுப்பான கூழ்போன்ற தன்மையைக் கொடுக்கும். டிகாஷன் கரண்டியிலிருந்து நூல்போல் இழுபடுகிறது என்று ஒருவர் என்னிடம் கொண்டுவந்து காட்டினார். அவர் போட்டிருந்தது இரண்டு கரண்டி பட்டைத்தூள்.

ஆகவே முழு மசாலாவையே எடுத்துக்கொள்ளவும். பட்டை, கிராம்பு, மிளகு, அன்னாசிப்பூ ஆகிய நான்கையும் வெறும் வாணலியில் மெல்லிய தீயில் ஒன்றரை நிமிடம் புரட்ட வேண்டும். மணம் எழுந்தவுடன் இறக்கிவிடவும்; புகை கண்ணுக்குத் தெரிந்தால் கருகல் சுவை டிகாஷன் முழுவதும் பரவிவிடும். ஏலக்காயை வறுக்கக் கூடாது. அதன் மணம் எளிதில் ஆவியாகும் எண்ணெய்களில் இருக்கிறது. வாணலியில் போட்டால் சமையலறை மணக்கும், கோப்பை மணக்காது.

வறுத்தவற்றை உரலில் இட்டு, ஒவ்வொன்றும் இரண்டு மூன்று துண்டாக உடையும் அளவுக்கு மட்டும் தட்டவும். மிளகின் காரம் தண்ணீரில் எளிதில் கரையாதது. அது உடையாமல் முழுதாகக் கிடந்தால் பத்து நிமிடம் கொதித்தாலும் பெரிதாக இறங்காது. கிராம்பு நேர்மாறானது. அதை முழுதாகவே விட்டுவிட்டாலும் குற்றமில்லை, இடித்துப் பொடியாக்கினால்தான் ஆபத்து. ஏலக்காயைத் தனியாகத் தட்டி, தோல் பிளந்து உள்ளிருக்கும் கருப்பு விதைகள் நசுங்கியிருக்கின்றனவா என்று பார்த்து, ஒரு கிண்ணத்தில் ஒதுக்கி வைக்கவும். அதன் முறை பின்னால் வரும். இஞ்சியைத் தோல் சீவி வில்லைகளாக நறுக்கி ஒரு தட்டுத் தட்டினால் போதும்.

பட்டை பற்றி ஒரு சொல். கடைகளில் கிடைக்கும் தடித்த, முரட்டுப் பட்டை பெரும்பாலும் காசியா வகை. மெல்லிய அடுக்குகளாகச் சுருண்டு விரலால் ஒடிக்கக்கூடியது இலங்கைப் பட்டை. காபி ஷாப் சுவையின் காரமான இனிப்பு மணத்துக்குக் காசியாதான் நெருக்கம். ஆனால் அதில், அளவு மீறினால் கல்லீரலுக்கு ஆகாத கூமரின் என்ற பொருள் அதிகம் இருப்பதால், நாள்தோறும் குடிப்பவர்கள் இலங்கைப் பட்டைக்கு மாறி, இரண்டுக்குப் பதில் மூன்று துண்டு போட்டுக்கொள்ளலாம்.

4. மசாலாத் தண்ணீர்

தண்ணீர் குளிர்ந்திருக்கும்போதே பட்டை, கிராம்பு, மிளகு, அன்னாசிப்பூ, இஞ்சி ஆகியவற்றைப் போட்டு அடுப்பில் ஏற்றவும். பட்டை மரத்தன்மை உடையது. மெல்ல ஊறிச் சூடேறும்போதுதான் உள்வரை நனைந்து சாறு விடுகிறது. கொதி வந்ததும் தீயைக் குறைத்து, மூடியைச் சற்றே திறந்த நிலையில் வைத்து, 12 நிமிடம் மெல்லிய கொதியில் விடவும். மூடியை முழுதும் திறந்து வைத்தால் தண்ணீரும் மணமும் சேர்ந்து வெளியேறும். இறுக மூடினால் பொங்கி வழியும்.

12 நிமிடம் கழித்து ஏலக்காயைச் சேர்த்து இன்னும் மூன்று நிமிடம் மட்டும் விடவும். முதலிலேயே போட்டவர்கள் “ஏலக்காய் இன்னும் கூட வேண்டும்” என்று அடுத்த முறை இருபதாக உயர்த்துகிறார்கள். எண்ணிக்கையை உயர்த்துவதைவிட நேரத்தை மாற்றுவது மலிவு. ஏலக்காய் விற்கும் விலையில் இது சிறிய விஷயம் இல்லை.

இஞ்சி ஏன் இப்போதே சேர்கிறது என்பதையும் தெரிந்துகொள்ள வேண்டும். பச்சை இஞ்சியில் புரதத்தைச் சிதைக்கும் நொதி ஒன்று இருக்கிறது. அது சூடான பாலைத் திரியவைக்கும். சீனாவின் குவாங்டாங் பகுதியில் இஞ்சிச்சாற்றின் மேல் சூடான பாலை ஊற்றி, அது கட்டித் தயிர்போல் உறைவதையே இனிப்பாகச் சாப்பிடுகிறார்கள். நமக்கு அது வேண்டாம் என்பதால், கொதிநீரில் இஞ்சியை நன்றாக வேகவிட்டு அந்த நொதியை முடக்கிவிடுகிறோம். கடைசி நேரத்தில் காரம் போதவில்லை என்று பச்சை இஞ்சியைத் துருவிப் பாலில் போடும் பழக்கம் சிலருக்கு உண்டு. பால் கெட்டுப்போயிருந்தது என்று அவர்கள் பால்காரரைக் குறை சொல்வதையும் கேட்டிருக்கிறேன்.

5. தூளை ஊறவைத்தல்

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு பகுதியைத்தான் படிக்க நேரம் இருக்கிறது என்றால் இதைப் படிக்கவும்.

அடுப்பை அணைத்துவிட்டு ஒரு நிமிடம் காத்திருக்கவும். குமிழ்கள் அடங்கிய பிறகு டீத்தூளைப் பரவலாகத் தூவி, ஒருமுறை மட்டும் கலக்கி, மூடியை இறுக மூடி, ஐந்து நிமிடம் விட வேண்டும். கடிகாரம் பார்த்தே விட வேண்டும், குத்துமதிப்பு கூடாது. அடுப்பு அணைந்தே இருக்கட்டும்.

வீட்டு டீயில் தூளைப் பத்து நிமிடம் கொதிக்கவிட்டாலும் ஒன்றும் ஆவதில்லையே என்ற கேள்வி இங்கே எல்லோருக்கும் எழுகிறது. அங்கே பால் கூடவே கொதிக்கிறது. பாலிலுள்ள கேசின் என்ற புரதம், தூளிலிருந்து இறங்கும் துவர்ப்புப் பொருள்களை அவ்வப்போது பற்றிக்கொண்டு நாக்கில் உறைக்காமல் செய்துவிடுகிறது. இங்கே பாத்திரத்தில் பால் இல்லை. அதோடு தூளின் அளவு வழக்கமான டீயைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு. கொதிக்கவிட்டால் துவர்ப்பு முழுவதும் தண்ணீரில் இறங்கிவிடும். பிறகு சேர்க்கும் பால் அதை ஓரளவு மட்டுமே தணிக்கும்; மிச்சம் நாக்கின் ஓரங்களைப் பாக்கு மென்றதுபோல் இழுத்துப் பிடிக்கும்.

நிறம் போதவில்லை என்று ஐந்தாவது நிமிடத்தில் அடுப்பை மறுபடி பற்றவைப்பதுதான் நான் அதிகம் பார்த்த தவறு. எங்கள் குடியிருப்பில் ஒரு மாலை நாலைந்து பேருக்கு இதைச் செய்து காட்டியபோது, நான் பாட்டில் எடுக்கத் திரும்பிய இடைவெளியில் ஒரு பெரியம்மா பழக்கத்தில் தீயை ஏற்றிவிட்டார். “நிறமே பிடிக்கலையே தம்பி” என்றார். இரண்டு நிமிடம்தான் கொதித்திருக்கும். அந்த டிகாஷனை அவர் வீட்டிலேயே பாலோடு சேர்த்துக் காய்ச்சி டீயாகக் குடித்தோம், நன்றாகவே இருந்தது. லாட்டேக்கு மட்டும் ஆகவில்லை. வலு வேண்டுமென்றால் தூளைக் கூட்ட வேண்டும்; நேரத்தையும் தீயையும் கூட்டக் கூடாது.

6. வடிகட்டுதல், இனிப்பு, அளவு சரிபார்த்தல்

ஐந்து நிமிடம் முடிந்தவுடன் முதலில் டீ வடிகட்டியிலும், பிறகு நனைத்துப் பிழிந்த துணியிலும் வடிக்கவும். முதல் வடிகட்டல் தூளையும் மசாலாவையும் நிறுத்தும்; இரண்டாவது வண்டலை நிறுத்தும். துணியைப் பிழியவோ வடிகட்டியில் தங்கிய தூளைக் கரண்டியால் அழுத்தவோ கூடாது. கடைசிச் சொட்டு வரை எடுக்கும் ஆசையில் அழுத்தினால் வருவது மிகத் துவர்ப்பான சாறும் நுண்வண்டலும்தான். 30 கிராம் தூள் நூறு மி.லி. அளவுக்குத் தண்ணீரைக் குடித்துக்கொண்டுதான் போகும்; அந்த இழப்பு தொடக்க அளவிலேயே கணக்கில் சேர்ந்திருக்கிறது.

டிகாஷன் சூடாக இருக்கும்போதே சர்க்கரையையும் உப்பையும் கரைக்கவும். உப்பு கசப்பைத் தணிப்பதற்காக. சுவையில் அது தெரியக் கூடாது. இப்போது அளவுக் குவளையில் ஊற்றிப் பார்த்தால் 720 மி.லி. இருக்க வேண்டும். குறைந்தால் வெந்நீர் விட்டு நிரப்பவும். சற்றுக் கூடுதலாக இருந்தால் கோப்பையில் பாலைக் கொஞ்சம் குறைத்துக்கொண்டால் போயிற்று.

100 கிராம் சர்க்கரை கோப்பைக்கு ஏறக்குறைய 17 கிராம் என்றாகிறது. சில காபி ஷாப்புகளில் இதைவிட இனிப்பாகவும் இருக்கும். 70 கிராமுக்குக் கீழே இறக்கினால் மசாலாவின் மணம் தட்டையாகத் தெரிகிறது. இனிப்பும் பட்டை மணமும் ஒன்றையொன்று தூக்கிக்கொடுப்பவை. நாட்டுச்சர்க்கரையோ கருப்பட்டியோ விரும்புகிறவர்கள் அதை டிகாஷனில்தான் கரைத்து வடிகட்ட வேண்டும். அவற்றில் புளிப்புத்தன்மை சற்று இருப்பதால் கொதிக்கும் பாலில் நேரே போட்டால் பால் திரியலாம். கருப்பட்டியின் மணம் ஏலக்காயை அமுக்கிவிடுகிறது என்பது என் கருத்து, மற்றவர்கள் ஏற்பதில்லை.

டிகாஷனைத் தனியே சுவைத்து முடிவு செய்யக் கூடாது. தனியாக அது மிகக் காட்டமாகவும் இனிப்பாகவும்தான் இருக்கும், இருக்கவும் வேண்டும். இரண்டு கரண்டி டிகாஷனோடு இரண்டு கரண்டி சூடான பாலைச் சேர்த்துச் சுவைத்துப் பார்த்து, அதற்குப் பிறகே சர்க்கரையைக் கூட்டவும்.

7. ஆறவைத்துச் சேமித்தல்

உடனே குடிக்கப்போவதில்லை என்றால், பாத்திரத்தைக் குளிர்ந்த தண்ணீர் நிரம்பிய அகன்ற தட்டில் நிறுத்தி விரைவாக ஆறவைத்து, வெந்நீரில் அலசி உலர்த்திய கண்ணாடிப் பாட்டிலில் ஊற்றி ஃபிரிட்ஜில் வைக்கவும். ஐந்து நாள் வரை நன்றாக இருக்கும். ஈரக்கரண்டி விடக் கூடாது. புளித்த வாடை வந்தால் கொட்டிவிட வேண்டியதுதான்.

மறுநாள் பாட்டிலைப் பார்த்து டிகாஷன் கெட்டுவிட்டது என்று பலர் பதறுகிறார்கள், ஏனென்றால் தெளிவாக இருந்த திரவம் கலங்கித் தெரியும். கெட்டியான டீ குளிரும்போது அதன் நிறப்பொருள்களும் காஃபீனும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு கலங்கலாக நிற்பது இயல்பு. சூடாக்கினால் மறைந்துவிடும்.

8. பால்

நுரையைக் கட்டி நிறுத்துவது பாலின் புரதம். வாயில் வழவழப்பைத் தருவது கொழுப்பு. பாக்கெட்டில் சமன்படுத்தப்பட்ட பால் என்று எழுதியிருப்பதில் 3 சதவீதக் கொழுப்பு, நிலைப்படுத்தப்பட்டதில் 4.5, நிறை கொழுப்புப் பாலில் 6. முதல் வகை எளிதாக நுரைக்கும், ஆனால் லாட்டே சற்று நீர்த்தாற்போல் இருக்கும். மூன்றாவது செழிப்பாக இருக்கும், நுரை கனத்துவிடும். நடுவில் இருப்பதே தொடங்குபவர்களுக்கு ஏற்றது.

பாக்கெட் பால் ஏற்கெனவே பதப்படுத்தப்பட்டது என்பதால் ஃபிரிட்ஜிலிருந்து எடுத்து நேரடியாகச் சூடாக்கலாம். கறந்த பால் வாங்குபவர்கள் கட்டாயம் காய்ச்சி, ஆறவைத்து, குளிரூட்டி, ஆடையை வடிகட்டிவிட்டே பயன்படுத்த வேண்டும். ஆடைத் துணுக்கு ஒன்று இருந்தாலும் நுரை அங்கே கிழிந்துவிடும். எந்தப் பாலானாலும் புதிதாக இருக்கட்டும். வாங்கி நாளான பால் குடிக்கத் தகுதியாகவே இருந்தாலும் நுரை நிற்க மறுக்கும்.

தாவரப் பால்களில் ஓட்ஸ் பால் தாராளமாக ஒத்துழைக்கும். சோயா பால் சூடான டிகாஷனில் சில நேரம் திரியும். டிகாஷனைச் சற்று ஆறவிட்டு, பாலை மெல்ல ஊற்றினால் தப்பிக்கலாம். தேங்காய்ப் பாலில் புரதம் மிகக் குறைவு. மணம் நன்றாக இருக்கும், நுரை வராது.

9. சூடாக்குதலும் நுரைத்தலும்

பால் 60 முதல் 65 டிகிரி செல்சியஸ் வரை சூடாக வேண்டும். அதற்குக் கீழே லாட்டே வெதுவெதுப்பாகிவிடும். 70 டிகிரியைத் தாண்டினால் பாலின் புரத அமைப்பு மாறி, காய்ச்சிய பாலின் வாடை எழும், இயல்பான இனிப்பு மங்கும், நுரையும் சொரசொரப்பாகும். பால் என்றால் பொங்கவேண்டும் என்று வளர்ந்த நமக்கு, பொங்குவதற்கு வெகுமுன்பே இறக்குவது மனத்துக்கு ஒப்பாத செயல்தான்.

தெர்மாமீட்டர் இல்லையென்றால் மெல்லிய எவர்சில்வர் பாத்திரத்தில் சூடாக்கவும். ஓரத்தில் ஊசிமுனைக் குமிழ்கள் வரிசைகட்டத் தொடங்கி, மெல்லிய ஆவி எழும். பாத்திரத்தின் வெளிப்புறத்தைத் தொட்டு உள்ளங்கையை வைத்தால் ஒரு நொடிக்குமேல் தாங்காது. அந்த நிலையில் இறக்கிவிட வேண்டும். நடுவில் பால் அசையத் தொடங்கிவிட்டால் நேரம் கடந்துவிட்டது என்று பொருள்.

இனி நுரை. காபியை டபராவிலிருந்து டம்ளருக்கு உயர்த்தி ஆற்றிப் பழகிய கைக்கு இதுவும் எளிது என்றே தோன்றும். ஆற்றும்போது வருவது பெரிய குமிழ்கள். மேலே கிரீடம்போல் நின்று உடைந்துபோகும், பானத்தோடு கலக்காது. லாட்டேக்கு வேண்டியது கண்ணுக்குத் தனித்தனியாகத் தெரியாத நுண்குமிழ்கள். அவை பாலோடு ஒன்றாகி ஊற்றும்போது சேர்ந்தே வழிய வேண்டும்.

பிரெஞ்ச் பிரஸ், அதாவது மேலும் கீழும் நகரும் சல்லடை பொருத்திய காபிக் குடுவை, வைத்திருப்பவர்களுக்கு வேலை சுலபம். சூடான பாலை மூன்றில் ஒரு பங்கு உயரத்துக்கு மேல் போகாமல் ஊற்றி, சல்லடையைப் பாலின் மேல்மட்டத்துக்குச் சற்று மேலிருந்து அடிவரை விரைவாக இருபது தடவை இறக்கி ஏற்றவும். அளவு ஏறக்குறைய இரண்டு மடங்காகும்போது நிறுத்தவும். முதல் சில இழுப்புகளில் கை லேசாகப் போகும். பால் கெட்டிப்படும்போது எதிர்ப்பு கூடுவது கையிலேயே தெரியும்.

பேட்டரியில் சுழலும் மில்க் ஃபிராதர் மலிவானது, எல்லோரிடமும் இருக்கிறது, பலர் அதைத் தவறாகவே பிடிக்கிறார்கள். முதல் பத்து நொடி மட்டும் சுருளை மேல்மட்டத்துக்குக் கீழே அரை அங்குலத்தில் சாய்த்துப் பிடித்துக் காற்றை உள்ளே இழுக்கவிட வேண்டும். பிறகு சுருளை அடிக்கு இறக்கி இருபது நொடி சுழலவிட்டால், உள்ளே போன பெரிய குமிழ்கள் நொறுங்கிச் சிறியவை ஆகும். கடைசிவரை மேலேயே பிடித்திருந்தால் சோப்பு நுரைதான் கிடைக்கும்.

இரண்டும் இல்லாதவர்கள், குளிர்ந்த பாலை மூடியுள்ள கண்ணாடி ஜாடியில் பாதிக்குமேல் போகாமல் ஊற்றி ஒரு நிமிடம் வேகமாகக் குலுக்கி, மூடியைக் கழற்றிவிட்டு மைக்ரோவேவில் 30 முதல் 40 நொடி சூடாக்கலாம். சூடான பாலை மூடிக் குலுக்கக் கூடாது. ஆவியின் அழுத்தத்தில் மூடி தெறித்து முகத்தில் பட வாய்ப்புண்டு.

எந்த முறையானாலும் கடைசி வேலை ஒன்று இருக்கிறது. நுரைத்த பால் இருக்கும் பாத்திரத்தை மேடையில் இரண்டு தட்டுத் தட்டி, பிறகு பாத்திரத்தையே வட்டமாகச் சுழற்ற வேண்டும். தட்டும்போது பெரிய குமிழ்கள் உடையும். சுழற்றும்போது மேலே பிரிந்து நின்ற நுரை கீழே உள்ள பாலோடு சேரும். மேற்பரப்பில் வெண்ணெய் இளகத் தொடங்கும்போது தெரியும் மினுமினுப்பு வந்தால் பால் தயார். பொங்கிய இட்லி மாவுபோல் ஓட்டைகள் தெரிந்தால் இன்னும் சுழற்றவும். இதற்குப் பிறகு காத்திருக்க நேரம் இல்லை. ஒரு நிமிடம் விட்டால் நுரையும் பாலும் மறுபடி பிரிந்துவிடும்.

10. கோப்பையில் சேர்த்தல்

பாலை அடுப்பில் வைக்கும்போதே டிகாஷனையும் பக்கத்து அடுப்பில் வைத்திருக்க வேண்டும். அது கொதிக்கக் கூடாது, ஆனால் ஆவி பறக்கும் அளவுக்குச் சூடாக இருக்க வேண்டும். 85 டிகிரி சரியாக இருக்கும். பாலை நாம் 65 டிகிரியிலேயே நிறுத்திவிட்டதால், குடிக்கும் சூட்டுக்கு மிச்சத்தைக் கொடுக்க வேண்டியது டிகாஷன்தான். ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த டிகாஷனை நேரே ஊற்றிவிட்டு, லாட்டே ஆறிக் கிடக்கிறது என்று அடுத்த முறை பாலைப் பொங்கவிட்டு நுரையை இழந்தவர்கள் உண்டு.

கோப்பையை வெந்நீர் ஊற்றிச் சூடாக்கி, அதைக் கொட்டிவிட்டு, 120 மி.லி. டிகாஷனை ஊற்றவும். பாலைச் சற்று உயரத்திலிருந்து கோப்பையின் நடுவில் ஊற்றத் தொடங்கி, முக்கால்வாசி நிறைந்ததும் பாத்திரத்தை விளிம்புக்கு அருகே இறக்கி மிச்சத்தைச் சாய்க்கவும். உயரத்திலிருந்து விழும் பால் டிகாஷனுக்குள் புகுந்து கலக்கும். தாழ்த்தி ஊற்றும்போது நுரை மேலே பரவும். கரண்டியால் கலக்க வேண்டியதில்லை.

மேலே ஜாதிக்காயைத் துருவினால் இரண்டு உரசல் போதும். பட்டைத்தூள் தூவ விரும்பினால் டீ வடிகட்டி வழியாகத் தூவவும். விரலால் தூவினால் கட்டியாக விழுந்து முதல் வாயிலேயே தொண்டையைப் பிடிக்கும்.

குளிர்ந்த லாட்டேக்கு வரிசை சற்று மாறும். டம்ளர் நிறைய ஐஸ், அதன்மேல் குளிர்ந்த டிகாஷன், அதன்மேல் குளிர்ந்த பால். ஐஸ் உருகி நீர்க்கும் என்பதால் பாலை 90 மி.லி. ஆகக் குறைக்கவும். நுரை அவசியமில்லை.

11. சுவை தவறினால் எங்கே தேடுவது

பல்வலிக்குத் தடவும் தைலத்தின் வாடை வருகிறது என்றால் கிராம்பு. தைலத்துக்கும் கிராம்புக்கும் மணம் தரும் பொருள் ஒன்றேதான். ஆறிலிருந்து நான்காகக் குறைத்து, தட்டாமல் முழுதாகப் போடவும். மருந்துக் கடையில் விற்கும் இருமல் மருந்துபோல் இருந்தால் அன்னாசிப்பூ கூடிவிட்டது; அதன் இரண்டு இதழ்களே போதும் என்று சொல்பவர்களும் உண்டு.

மசாலா நன்றாக இருந்து டீயே தெரியவில்லை என்றால் தூளை 5 கிராம் கூட்டவும். டீ தெரிந்து நாக்கு வறண்டால் ஊறிய நேரம் கூடியிருக்கிறது, அல்லது வடிகட்டும்போது அழுத்தியிருக்கிறீர்கள். இரண்டையும் ஒரே முறையில் மாற்றிவிடக் கூடாது. ஒரு தடவைக்கு ஒன்றை மட்டும் மாற்றி, அளவைத் தாளில் குறித்து வைத்தால்தான் எது காரணம் என்று தெரியும்.

கோப்பையில் சிறு வெள்ளைத் துணுக்குகள் மிதந்தால் பால் திரிந்திருக்கிறது. பாலின் பழமை, வேகாத இஞ்சி, வெல்ல வகை இனிப்பு என்ற வரிசையில் சோதிக்கவும். டிகாஷன் கொதித்துக்கொண்டிருக்கும்போது பாலை ஊற்றினாலும் இது நேரலாம்.

12. கழுவுதல்

பால் பட்ட பிரெஞ்ச் பிரஸையும் ஃபிராதரையும் உடனே குளிர்ந்த நீரில் அலச வேண்டும். வெந்நீரில் முதலில் காட்டினால் சல்லடைக் கண்களில் ஒட்டிய புரதம் வெந்து இறுகிக்கொள்ளும். இரண்டு நாளில் அதிலிருந்து எழும் புளித்த வாடை அடுத்த லாட்டேயில் தெரியும். குளிர்ந்த நீருக்குப் பிறகு சோப்பும் வெந்நீரும் போடலாம். வடிகட்டிய துணியைச் சோப்பு படாமல் கொதிநீரில் மட்டும் அலசி வெயிலில் உலர்த்தவும். துணி ஒருமுறை சோப்பு மணத்தைப் பிடித்துக்கொண்டால் எத்தனை ஏலக்காய் போட்டாலும் அது போகாது.